உயிருடன் வெளியேறியவர்கள்

புதுத்துறையில் ஒருவருக்கு நெஞ்சு வலிக்கத் தொடங்குவதற்கு முன்பே அது நகரத்துக்குத் தெரிந்துவிடும். அங்கே வாழ்கிற ஒவ்வொருவரின் இடது மார்பிலும் தபால்தலை அளவுக்கு ஓர் ஒட்டு இருக்கும். அதைப் போட்டுக்கொண்டுதான் குளிப்பார்கள், தூங்குவார்கள், காதலிப்பார்கள். இதயத்தின் துடிப்பில் சின்னப் பிசகு தெரிந்தால் ஒட்டு மஞ்சளாக எரியும். மாரடைப்பு வந்துவிட்டால் சிவப்பு. அந்தச் சிவப்பு எரியும் அதே நொடியில் இதய மையத்தின் கூரையில் ஏதாவது ஒரு குருவி கண் விழிக்கும்.

குருவி என்றால் பறக்கும் ஆம்புலன்ஸ். அரசுத் தாள்களில் அதற்கு வாய் வலிக்கும் நீளத்தில் ஒரு பெயர் உண்டு. மக்கள் குருவி என்றார்கள். நகரம் பெரியது, குருவிகள் கொஞ்சம். ஒரே நேரத்தில் பல சிவப்புகள் எரியும்போது குருவி யாருக்குப் போகும், தரைவழி வண்டி யாருக்குப் போகும் என்பதை ஓர் இயந்திரம் முடிவு செய்தது. அதன் பெயர் வரிசை.

வரிசையின் நியாயம் எளிமையானது: காத்திருந்தாலும் பிழைத்துவிடுவார் என்று தெரிந்தால் அவர் காத்திருக்கலாம், தாங்கமாட்டாதவருக்குக் குருவி. அதற்குச் சாதி தெரியாது, மதம் தெரியாது, சம்பளம் தெரியாது, குடியிருக்கும் தெரு தெரியாது. உருவாக்கியவர்கள் அவற்றையெல்லாம் கவனமாக எடுத்துவிட்டிருந்தார்கள். வயது, துடிப்பு, பிறந்த ஊர் ஆகிய மூன்றை மட்டும் விட்டுவைத்தார்கள். பிறந்த ஊரால் யாருக்கும் கெடுதல் வராது என்று நம்பினார்கள். குழந்தையாக இருந்தபோது குடித்த தண்ணீரும், தாய் வயிற்றில் இருந்தபோது அவள் கிடந்த பட்டினியும் அறுபது வயதில்கூட இதயத்தில் பேசும் என்பது அவர்கள் படித்த பாடம்.

மேலும், புதுத்துறை கடலை நிரப்பி எழுப்பிய துறைமுக நகரம். தலை நரைத்த ஒருவர்கூட அங்கே பிறந்தவர் இல்லை. நகரத்தின் வயது அதற்குப் போதாது. எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். பெயரைக் கேட்கும் முன் ஊரைக் கேட்பதுதான் அங்கே வழக்கம்.

அப்படி வந்தவர்களில், மாரடைப்பிலிருந்து மிக அதிகமாகப் பிழைத்தவர்கள் கருங்கானல் தாலுகாவில் பிறந்தவர்கள். தெற்கே, செம்மணல் மேடான தேரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் வறண்ட ஊர்கள் அவை. மற்ற ஊர்க்காரர்கள் மையத்திலேயே கண்ணை மூடிய அதே வகை மாரடைப்பில் கருங்கானல்காரர்கள் உயிருடன் வெளியேறினார்கள். துறைமுகத்தின் டீக்கடைகளில் இது பெரிய பெருமை. "எங்களுக்கெல்லாம் பனங்கட்ட நெஞ்சு வே. வெட்டுனா அருவாதான் மழுங்கும்" என்பார்கள்.

அந்தப் பனங்கட்டையின் ரகசியத்தைக் கண்டுபிடிக்கும் வேலை பூங்கோதைக்கு வந்தது.

பூங்கோதை இதய மையத்தில் கணிப்பாளர், வரிசையின் கணக்குகளைப் படித்துச் சொல்பவள். ஈரோட்டுப் பக்கத்துப் பெண். கட்டிக்கொண்டது கருங்கானலில். கணவன் கொம்பையா சரக்குக் கப்பலில் பாதி வருஷம் மிதப்பவன். வீட்டில் அவளும் மாமனார் இசக்கிமுத்துவும்தான். இசக்கிமுத்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள் இருந்தன.

கருங்கானல்காரர்களின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது மையத்தின் திட்டம். அதற்கு, மிகக் கடுமையான மாரடைப்பு வந்தும் பிழைத்துப் போன சிலரை நேரில் பார்த்து ரத்தம் வாங்கி வரவேண்டும். பூங்கோதை அதில் உற்சாகமாக இருந்தாள். உலகத்தையே காப்பாற்றும் ஒரு துளி, தன் புகுந்த வீட்டு ரத்தத்தில் இருக்கிறதென்றால் யாருக்குத்தான் உற்சாகம் வராது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தட்டில் சோறும் சொதியும்.

"இது சொதியா தாயி?" என்றார் இசக்கிமுத்து. "தேங்காப்பால் பாயாசத்துல முருங்கக்கா தவறி விழுந்த மாதிரில்லா இருக்கு."

"அடுத்த வாரம் நீங்களே வெய்ங்க மாமா. நான் உக்காந்து குத்தம் சொல்றனுங்க." அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. "உங்க ஊருக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரோணும். மூணு பேரைப் பாக்கற வேல இருக்குதுங்க."

"யார் யாரு? சொல்லு, ஒரு வார்த்த சொல்லி வைக்கேன்."

"வடக்குத் தெரு சோமசுந்தரம்."

"சோமுவா?" இசக்கிமுத்து சிரித்தார். "அவனப் பாக்கணும்னா கொஞ்சம் தூரம் போவணுமே." விரலை மேலே காட்டினார். "வருசத் தெவசமே முடிஞ்சாச்சு."

"அய்யோ. சரி, ஞானதிரவியம். லாரி ஓட்டுனவரு."

"அவரும் அங்ஙனதான்."

பூங்கோதையும் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. "பேச்சிமுத்து?"

"பேச்சியும் போயாச்சு. என்னட்டி, உங்க ஆபீசுல செத்தவம் பேராப் பாத்து எடுத்துக் குடுத்திருக்கானுவளா?"

"எப்பங்க மாமா செத்தாங்க?"

"எல்லாரும் ஆஸ்பத்திரில இருந்து கொண்டுபோன அன்னைக்கேதான்." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், மழை பெய்தது என்று சொல்வதுபோல. "டாக்டர் கைய விரிச்சிட்டா, இனி உங்க இஷ்டம்னு சொல்லிட்டா, நாங்க அங்க போட்டு வைக்கமாட்டோம். கையெழுத்துப் போட்டு வண்டில ஏத்திருவோம். வாயில கொழாய், கொழாயில பை. பைய அமுக்குனா மூச்சு உள்ள போவும், விட்டா வெளிய வரும். ஊர் போய்ச் சேருத வரைக்கும் அமுக்கணும். நெலவாசலத் தாண்டி வீட்டுக்குள்ள படுக்க வச்சு, ஒரு சொட்டுப் பால் வாயில விட்டு, அதுக்குப் பொறவு பைய எடுப்போம். மனுசன் சொந்த வீட்டுல போன மாதிரி இருக்கும்லா."

"பை யாருங்க அமுக்குவாங்க?"

"யாரு? நாந்தான். இங்க இருக்க நம்ம ஊர்க்காரனுவ எல்லாருக்கும் நாந்தான். பழகுன கை."

"வாசல் தாண்டற வரைக்கும் அவங்க எல்லாத்துக்கும் உசுரு இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு" என்றார் இசக்கிமுத்து. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. தட்டோடு எழுந்து போனார்.

பூங்கோதை தன் அறைக்குப் போய் கணினியைத் திறந்தாள். மாமியாரை அவள் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டார் என்று மட்டும் தெரியும். செண்பகவல்லி, பிறந்த ஊர் கருங்கானல் என்று தட்டினாள். வரிசையின் நினைவிலிருந்து ஒரு வரி வந்தது. கடுமையான மாரடைப்பு. உயிருடன் வெளியேறினார்.

நடுக்கூடத்தில் அதே செண்பகவல்லி, மாலைக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பூங்கோதை மையத்தின் தலைவர் டாக்டர் ஹபீபாவின் அறையில் இருந்தாள். வரிசையை வடிவமைத்த குழுவில் ஹபீபாவும் ஒருவர். எதையும் இரண்டு முறை சொல்லத் தேவையில்லாத மனுஷி.

"வெளியே போகும்போது மூச்சு இருந்துச்சான்னு மட்டும்தான் வரிசை கேக்குது" என்றாள் பூங்கோதை. "அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்கறதில்ல. ஊரை விட்டுப் போறவங்ககிட்ட ஒட்டையும் நாமளே கழட்டி வாங்கிக்கறோம்."

"இறப்புச் சான்றிதழ் வரணுமே?"

"வருதுங்க மேடம். சொந்த வீட்டில் இயற்கை மரணம்னு வருது. அது மாரடைப்போட சேராது."

ஹபீபா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்போ அவங்க நல்லாப் பிழைக்கல."

"மத்தவங்களவிட அதிகமாச் சாகறாங்க. அது மட்டுமில்லைங்க. நல்லாப் பிழைக்கறாங்கன்னு நெனச்சு வரிசை அவங்களைக் காக்க வைக்குது. காக்க வெச்சா இன்னும் நெறையப் பேருக்குக் கை விரிக்கறோம். அவங்க இன்னும் நெறையப் பேரை வண்டில ஏத்திக் கூட்டிட்டுப் போறாங்க. வரிசை அவங்களையும் பிழைச்சவங்கன்னு சேத்துக்குது. அடுத்த ஆளு இன்னும் கொஞ்சம் காக்கோணும்."

 கூரையிலிருந்து ஒரு குருவி கிளம்பும் சத்தம் கேட்டது.

"மத்த எதையெல்லாமோ பயந்து பயந்து எடுத்தோம்" என்றார் ஹபீபா. "பிறந்த ஊரை அப்பாவின்னு நினைச்சு விட்டோம்." பிறகு நிமிர்ந்தார். "வர்ற மாசம் புது விதி வருது தெரியுமில்ல? கருங்கானல்ல பிறந்தவங்களுக்குக் குருவியே கிடையாது. தரைவழி மட்டும்தான். கையெழுத்து ஆயாச்சு. அதை நிறுத்தணும்னா எனக்கு வாக்குமூலம் வேணும். கூட இருந்த சொந்தக்காரங்க, இவர் வழியிலேயே இறந்தார்னு சொல்லணும். சட்டப்படி மரணத்தோட இடத்தை மாத்த அது ஒண்ணுதான் வழி. அப்போதான் அது மாரடைப்புச் சாவா வரிசையில சேரும். கிடைக்குமா?"

"கிடைக்கும்" என்றாள் பூங்கோதை. அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள்.

சாயங்காலம் இசக்கிமுத்து வேலையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார். முடித்ததும் ஒரே வார்த்தை சொன்னார்.

"மாட்டேன்."

"மாமா, உங்க ஒட்டு போன வாரமே ரெண்டு தடவை மஞ்சளா எரிஞ்சுதுங்க. நாளைக்கே உங்களுக்குச் செவப்பு எரிஞ்சா, பாலத்துல லாரிக்குப் பின்னால நிக்கற தரை வண்டிதான் வரும். உங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வந்தா..."

"எந்த வார்த்த? வழிச்சாவுங்கிற வார்த்தையா?" அவர் குரல் உயர்ந்தது. "உனக்குத் தெரியாது தாயி, நீ வேற ஊருக்காரி. எங்க ஊர்ல வழில செத்தவள வீட்டுக்குள்ள கொண்டுபோவ மாட்டாவ. தெருவுலயே கெடத்தி, தெருவுலயே குளுப்பாட்டி, அப்படியே தூக்கிட்டுப் போயிருவாவ. படம் வைக்கமாட்டாவ, வெளக்குப் போடமாட்டாவ. எஞ்செம்பகத்த நான் நெலவாசல் தாண்டிக் கொண்டுபோனேன். எல்லாரும் பாத்தாவ. இப்பம் எனக்குக் குருவி வேணுங்கிறதுக்காவ அவளத் தூக்கித் தெருவுல போடச் சொல்லுதியா?"

 தர்க்கத்தால் அசைக்க முடியாத எதையும் பூங்கோதை அதுவரை சந்தித்ததில்லை. இது தர்க்கமே இல்லை. ஒரு மனிதர் தன் மனைவியை இரண்டாம் முறை சாகவிட மறுக்கிறார், அவ்வளவுதான்.

 அந்த வாரம் சொதி திரிந்துபோன நாளில்கூட அவர் குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த வார இறுதியில், பட்டப்பகலில், தர்மராஜ் விழுந்தான்.

தர்மராஜ் இசக்கிமுத்துவுக்குப் பக்கத்துக் கிரேனை ஓட்டுகிறவன். கருங்கானல்காரன். பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடம் போகும் வயது. அவனுடைய ஒட்டு சிவப்பாக எரிந்தபோது நகரத்தில் இன்னொரு சிவப்பும் எரிந்தது. குருவி அங்கே போனது. தர்மராஜுக்குத் தரை வண்டி கிளம்பி, துறைமுகப் பாலத்தில், கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் சைரன் அலற நின்றது. மையத்துக்கு வந்து சேர்ந்தபோது அவன் இதயத்தில் வேலை செய்கிற இடம் மிகக் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. டாக்டர்கள் செய்வதையெல்லாம் செய்தார்கள். பிறகு வெளியே வந்து, கையை விரித்தார்கள்.

தர்மராஜின் மனைவி லீலா அழவில்லை. கருங்கானல் பெண்கள் அந்த இடத்தில் அழமாட்டார்கள். அழுதால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவள் நேராக இசக்கிமுத்துவிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, வண்டி சொல்லுங்க. பிள்ளேள எங்கண்ணன் கூட்டிட்டு வந்துருவான். நீங்கதான் பை புடிக்கணும்."

"புடிக்கேன் தாயி" என்றார் அவர்.

பூங்கோதை கீழ்த்தளத்துக்கு வந்தபோது வண்டி தயாராக இருந்தது. இதயத் துடிப்பைக் காட்டும் திரை இல்லாத, மணி அடிக்காத சாதாரண வேன். ஒரு படுக்கை, ஓர் ஆக்சிஜன் உருளை, ஒரு பை. மையத்தின் ஊழியர் தர்மராஜின் மார்பிலிருந்து ஒட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு பொத்தானைத் தட்டினார். உயிருடன் வெளியேறினார். பூங்கோதை யாரையும் கேட்காமல் வேனில் ஏறி உட்கார்ந்தாள். இசக்கிமுத்து அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

வண்டி கடலை ஒட்டிய சாலையில் தெற்கே திரும்பியது. வெயிலில் கடல் தகரம்போல மின்னியது. இசக்கிமுத்து அமுக்கினார், விட்டார். அமுக்கினார், விட்டார். தர்மராஜின் நெஞ்சு ஏறியது, இறங்கியது. லீலா அவன் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"சூடு இருக்கு அண்ணாச்சி" என்றாள். "இருக்குல்லா?"

"இருக்கு தாயி."

நகரத்தின் கட்டடங்கள் பின்னால் போய், உப்பளங்கள் வரத் தொடங்கின. அப்போது பூங்கோதை அதைக் கண்டாள். மாமனாரின் கை ஒரு நொடி தயங்கியது. கண் மூடித் திறந்தது. கை மறுபடியும் அமுக்கியது. தர்மராஜின் நெஞ்சு முன்போலவே ஏறி இறங்கியது. வெளியிலிருந்து பார்க்க எதுவும் மாறவில்லை. ஆனால் அவருடைய முகம் மாறியிருந்தது.

அந்த நொடியை அவர் ஒவ்வொரு முறையும் அறிந்திருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. சோமுவுக்கு, ஞானதிரவியத்துக்கு, பேச்சிமுத்துவுக்கு, செண்பகத்துக்கு. அறிந்த பிறகும் தாலுகா எல்லைவரை, தெருமுனைவரை, வாசல்வரை அமுக்கிக்கொண்டே போயிருக்கிறார்.

 அவள் வாழ்க்கையில் சொல்லாமல் விட்ட மிகப் பெரிய வாக்கியம் அதுதான்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் இசக்கிமுத்து கையை எடுத்தார்.

"எலே, வண்டிய ஓரமா நிறுத்து."

"என்ன அண்ணாச்சி?" லீலா நிமிர்ந்தாள். "அமுக்குங்க. ஏன் நிறுத்துதிய?"

"போயிட்டாம்மா."

"என்ன பேசுதிய! நெஞ்சு ஏறி எறங்குதுல்லா, பாத்துக்கிட்டுதான இருக்கேன்!"

"நான் அமுக்குதேன், ஏறுது. அவன் இல்ல தாயி. எனக்குக் கையில தெரியும்."

லீலா அவரைத் தள்ளிவிட்டுப் பையைப் பிடுங்கினாள். முழங்காலில் நின்று அமுக்கினாள். தர்மராஜின் நெஞ்சு ஏறியது. விட்டாள். இறங்கியது. அவள் வெறியோடு அமுக்கினாள். யாரும் தடுக்கவில்லை. மெல்ல மெல்ல அவள் கையின் வேகம் குறைந்தது. அவள் விரல்களும் அதைக் கேட்கத் தொடங்கிவிட்டன. பை போய் வருகிறது. அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பையை அவன் மார்பின் மேல் வைத்தாள்.

ஓட்டுநர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். லாரிகள் கடந்து போயின.

"இப்பம் என்ன செய்யணும்?" என்றாள் லீலா. கேட்டது இசக்கிமுத்துவை அல்ல, பூங்கோதையை.

பூங்கோதை சுற்றி வளைக்கவில்லை. "இப்படியே ஊருக்குப் போனா, தர்மராஜ் அண்ணன் பிழைச்சதா மையம் எழுதிக்கும். அடுத்த கருங்கானல்காரருக்கும் தரை வண்டிதான் வரும். திரும்பிப் போய் வழியில போயிட்டார்னு நீங்க சொன்னீங்கன்னா, அடுத்தவங்களுக்குக் குருவி வர ஒரு வழி இருக்குங்க. ஆனா ஊர்ல..."

"ஊர்ல என்ன சொல்லுவாவன்னு எனக்குத் தெரியும்." லீலா புருஷனின் கண்களை மூடினாள். அவன் பிறந்த ஊர்தான் அவளுக்கும் பிறந்த ஊர். அவளுடைய மார்பிலும் ஓர் ஒட்டு இருந்தது. "திருப்பச் சொல்லுங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

இதய மையத்திலிருந்து அப்படிக் கிளம்பிப் போன ஒரு வண்டிகூட அதுவரை திரும்பி வந்ததில்லை. கீழ்த்தளத்து ஊழியருக்கு எந்தப் பொத்தானைத் தட்டுவது என்று தெரியவில்லை. வெளியேறியவரைத் திரும்பச் சேர்க்க வரிசையில் இடமே இல்லை. ஹபீபாவே இறங்கி வந்தார். லீலா சொன்னதைத் தானே எழுதிக்கொண்டார். லீலா கையெழுத்துப் போட்டாள்.

"இன்னொண்ணும் எழுதிக்கிடுங்க" என்றார் இசக்கிமுத்து. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "செம்பகவல்லி. எம் பொண்டாட்டி. அவளும் வழிலதான் போனா. உப்பளம் தாண்டி ஒரு மாதா கோயில் வரும்லா, அங்ஙன. பை எங் கையிலதான் இருந்துச்சு. பொறவு வீடு வரைக்கும் அவகிட்டப் பேசிக்கிட்டே அமுக்குனேன். எல்லாத்தையும் எழுத வேண்டாம். வழியில போனான்னு மட்டும் எழுதுங்க."

ஹபீபா அதை மட்டும் எழுதினார்.

மறுநாள் தர்மராஜைக் கருங்கானலுக்குக் கொண்டுபோனார்கள். வாயில் குழாய் இல்லை, பை இல்லை. புதுத்துறையிலிருந்து இறந்தவனாகவே ஊருக்குள் வந்த முதல் ஆள் அவன். தெருமுனையில் கூட்டம் நின்றது. தர்மராஜின் பெரியப்பா வழியை மறித்தார்.

"ஊர் மொற தெரியாதா இசக்கி? வழிச்சாவு. தெருவுல எறக்கு."

"எறக்குதேன்" என்றார் இசக்கிமுத்து. "ஆனா ஒண்ணு. ஒம்ம தம்பியக் கொண்டாந்தது நாந்தான வே? அவர் உசுரு எந்த எடத்துல போச்சுன்னு இப்பம் சொல்லட்டா? ஒவ்வொரு வீடாச் சொல்லட்டா? நான் பை புடிச்ச ஒருத்தன்கூட வாசல் வரைக்கும் இருந்ததில்ல. இந்தத் தெருவுல வழிச்சாவு இல்லாத வீடு ஒண்ணக் காட்டுங்க. அந்த வீட்டுக்காரன் வந்து எறக்கச் சொல்லட்டும், எறக்குதேன்."

யாரும் முன்னால் வரவில்லை. பெரியப்பா நிலத்தைப் பார்த்தார். சற்று நேரம் கழித்து, சோமசுந்தரத்தின் மனைவி தன் வீட்டிலிருந்து வந்து தர்மராஜின் வீட்டு நிலைவாசலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். "உள்ள கொண்டுபோங்க" என்றாள். "தெரிஞ்சுதான் நானும் அவிய வாயில பால் விட்டேன்."

அவனை வீட்டுக்குள் கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகு வாக்குமூலங்கள் வந்தன. ஒன்றிரண்டாக, பிறகு கூட்டமாக. சிலர் கோபமாக வந்தார்கள். சிலர் மையத்தின் வாசல்வரை வந்து திரும்பிப் போய், மறுபடி வந்தார்கள். எல்லோரும் ஏதாவது ஓர் இடத்தைச் சொன்னார்கள்: சுங்கச்சாவடி, பெட்ரோல் பங்க், காற்றாலை வரிசை. கருங்கானலுக்கும் புதுத்துறைக்கும் நடுவிலுள்ள அந்த நீண்ட சாலையில் கல்லறை இல்லாத ஒரு மயானமே இருந்தது. புது விதி நிறுத்தப்பட்டது. வரிசைக்கு மறுபடியும் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். கருங்கானலின் கணக்கு திருந்தியது, பிறந்த ஊர் என்ற கேள்வி அப்படியே இருந்தது. பனங்கட்டை நெஞ்சு என்ற பேச்சு டீக்கடைகளில் நின்றுபோனது. யாரும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இசக்கிமுத்துவின் ஒட்டு சிவப்பாக எரிந்தது அவர் ஓய்வு பெறும் மாதத்தில். கிரேனின் உச்சியில் இருந்தார். வியர்த்தது, இடது கை கனத்தது, கீழே கப்பல்கள் மங்கின. எழுந்து நிற்க முயல்வதற்குள் கண்ணாடிக்கு வெளியே ஒரு குருவி மிதந்துகொண்டிருந்தது. யாரோ கதவைத் திறந்தார்கள், யாரோ அவர் இடுப்பில் பட்டையைப் போட்டார்கள். பூங்கோதை மையத்தின் கூரைக்கு ஓடி வருவதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். அடைப்பை எடுத்து, ரத்தக்குழாயைத் திறந்து, அவரைப் படுக்கைக்குக் கொண்டுவந்தபோது வெயில்கூடத் தாழவில்லை.

கண் திறந்ததும் அவர் முதலில் திட்டினார். "ஒரு வார்த்த கேக்காம மனுசனத் தூக்கிட்டுப் போறானுவ. கிரேன்ல பாதிச் சரக்கு தொங்குது."

"அத வேற ஆளு எறக்கி வெச்சுட்டாங்க மாமா."

"யாரு? அந்தச் சின்னப் பயலா? மோதியிருப்பானே."

"மோதலீங்க. படுங்க."

டாக்டர் ஹபீபா வந்து பார்த்துவிட்டுப் போனார். போகும்போது பூங்கோதையின் தோளைத் தொட்டார். நாளை வீட்டுக்குப் போகலாம், நடந்தே போகலாம் என்றார். ஜன்னலுக்கு வெளியே குருவிகள் வருவதும் போவதுமாக இருந்தன. இசக்கிமுத்து அவற்றைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"இப்பம் நாங்க வரிசைல முன்னாடியா?" என்றார்.

"ஆமாங்க. நீங்க முன்னாடி."

"அப்பம் பின்னாடி யாரு? யாராவது பின்னாடி நிக்கணும்லா?"

பூங்கோதை கைப்பேசியில் பார்த்துச் சொன்னாள். "வடக்க ஒரு மலை ஊருங்க. சுனாபேடா. அந்த ஊர்க்காரங்க இங்க பாலம் கட்ட வந்திருக்காங்க. வரிசை இப்ப அவங்கதான் ரொம்ப நல்லாப் பிழைக்கறாங்கன்னு சொல்லுது. காத்திருந்தாலும் பிழைச்சுக்குவாங்களாம்."

இசக்கிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"டாக்டர் கைய விரிச்சிட்டா, அவிய ஆளுவள எங்க கொண்டுபோறாவ?"